எண்ணெய்க் கிணற்றில் நீர்மூழ்கி மின்பம்பு ஏன் நின்றது: காரணத்தைத் தேடும் முறை

எண்ணெய்க் கிணற்றிலிருந்து உருவி எடுத்த நீர்மூழ்கி மின்பம்பின் அறிக்கையில், பழுதுக்கான காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே ‘மோட்டார் எரிந்துவிட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த அறிக்கையைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். எரிந்தது கண்ணுக்குத் தெரிகிறது. ஏன் எரிந்தது என்பதைத்தான் அந்தக் கட்டம் கேட்கிறது. தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனாலும் இதே பதில்தான் கிடைக்கும் என்றாலும், அங்கே புதுக் காயில் கட்டி ஓரிரு நாளில் மீண்டும் இறக்கிவிடலாம். எண்ணெய்க் கிணற்றிலோ ரிக் வர வேண்டும், கிணற்றின் அழுத்தத்தை அடக்க வேண்டும், ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் நீளமுள்ள டியூபிங் குழாய்களைத் துண்டு துண்டாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். காரணத்தைத் தவறாகக் கணித்தால் இத்தனை செலவுக்குப் பிறகும் புதிய பம்பு பழைய நோயோடுதான் கீழே இறங்கும்.

ஆகவே, முதலில் கெட்ட பாகம் எது என்பதையே தேட வேண்டும். கடைசியில் செத்த பாகம் எது என்பது தேடாமலே தெரிந்துவிடும்.

இதற்கு, கிணற்றுக்குள் தொங்கும் அடுக்கைக் கீழிருந்து மேலாக மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. அடியில் அழுத்தம், வெப்பம், அதிர்வு ஆகியவற்றை அளக்கும் சென்சார். அதன்மேல் மூன்று பேஸ் மோட்டார். அதன்மேல் புரொடெக்டர் எனப்படும் சீல் பகுதி. அதன்மேல் உறிஞ்சுவாய் அல்லது வாயுப் பிரிப்பான். அதற்கும் மேலே, சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும், சுழலாமல் திரவத்தை அடுத்த அடுக்குக்கு அனுப்பும் டிஃப்யூசரும் மாறி மாறி அடுக்கப்பட்ட பம்பு. வழக்கமான இரு துருவ மோட்டார் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 3,500 சுற்றும், 50 ஹெர்ட்ஸில் சுமார் 2,900 சுற்றும் சுழலும். மோட்டார் கீழே, பம்பு மேலே என்ற இந்த வரிசை நம் ஆழ்துளைக் கிணற்றுப் பம்பிலும் உள்ளதுதான். ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் மோட்டாருக்குள் தண்ணீர் இருக்கும். எண்ணெய்க் கிணற்று மோட்டாருக்குள் மின்காப்புத் தன்மையுள்ள எண்ணெய் நிரப்பப்பட்டிருக்கும். திஃப்லிஸில் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலீசி) பிறந்து, பின்னர் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பார்ட்ல்ஸ்வில்லில் தொழில் நடத்திய அர்மைஸ் அருதுனோஃப் 1920-களில் இந்தப் பம்பை எண்ணெய்க் கிணற்றுக்குக் கொண்டுவந்தார். இந்தப் பம்புகளுக்கு இன்றும் வழங்கும் ‘ரேடா’ என்ற வணிகப் பெயர், ரஷ்யன் எலெக்ட்ரிக்கல் டைனமோ ஆஃப் அருதுனோஃப் என்பதன் முதலெழுத்துக்களின் சேர்க்கை.

பழுது ஆராய்பவர் அதிகம் மதிக்க வேண்டிய பகுதி, யாரும் பேசாத அந்தச் சீல் பகுதிதான். மோட்டார் எண்ணெய் சூடாகி விரியவும் குளிர்ந்து சுருங்கவும் அது இடம் தருகிறது. உள்ளழுத்தத்தைக் கிணற்று அழுத்தத்தோடு சமப்படுத்துகிறது. பம்பின் ஷாஃப்ட் கீழ்நோக்கித் தரும் தள்ளுவிசையைத் தன் த்ரஸ்ட் பேரிங்கில் தாங்குகிறது. கிணற்று நீர் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கிறது. மேலே பம்பில் எது கெட்டாலும் அந்தக் கேடு மோட்டாரை எட்டும் வழி பெரும்பாலும் இதன் ஊடாகவே செல்கிறது.

கிணற்றைத் தொடுவதற்கு முன்பு

ரிக் வருவதற்குள் சேகரிக்க வேண்டியவை: பம்பு இறங்கிய தேதியும் ஆழமும், எவ்வளவு ஓட்டத்தில் எவ்வளவு உயரம் ஏற்றும் என்று காட்டும் அந்தப் பம்பின் செயல்திறன் வளைகோடு, கடைசியாக எடுத்த கிணற்றுச் சோதனைகள், நீரின் விகிதம், வாயுவின் அளவு, மணல் வந்ததா என்ற விவரம், எத்தனை முறை நின்று எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு, மேலிருந்து மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் நிகழ்வுப் பதிவு. பெரும்பாலோர் கடைசி 24 மணி நேரப் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி மூன்று மாதமும், அதைவிட முக்கியமாகப் பம்பு ஓடத் தொடங்கிய முதல் வாரமும் வேண்டும். கிணற்றைச் சுத்தம் செய்த திரவமும் மணலும் மேலே வரும் அந்த முதல் நாட்களில் வாங்கிய அடி, பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

டிரைவின் நிகழ்வுப் பதிவை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு கிணற்றில், வாயு அடைத்துப் பம்பு குறைந்த மின்னோட்டத்தால் அடிக்கடி டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. இரவுப் பணியில் இருந்த ஒருவர், தொல்லை தாங்காமல், டிரிப் ஆகும் வரம்பைப் படிப்படியாக மூன்று முறை கீழே இறக்கியிருந்தார். நான்காம் நாள் டிரிப் ஆகவே இல்லை. பம்புக்குள் வாயுவே நிறைந்திருக்க, வெளியே குளிர்விக்கத் திரவ ஓட்டம் இல்லாத நிலையில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து கருகிப்போனது. அறிக்கையில் முதலில் எழுதப்பட்டிருந்தது ‘மின்காப்புத் தரக் குறைவு’. வரம்பு மாற்றப்பட்ட மூன்று வரிகளை யாரும் பார்த்திருக்கவில்லை.

வரைபடம் சொல்வதைக் கேட்பது

பழைய கிணறுகளில் வட்டக் காகிதத்தில் 24 மணி நேர மின்னோட்டத்தை வரையும் ஆம்பியர் பதிவுக் கருவி இருக்கும். புதியவற்றில் சென்சார் அளவுகள் திரையில் வரும். இரண்டிலும் ஓர் அளவை மட்டும் தனியே பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உறிஞ்சுவாய் அழுத்தம், வெளியேற்ற அழுத்தம், மின்னோட்டம், மோட்டார் வெப்பம், மேலே வரும் திரவத்தின் அளவு ஆகிய ஐந்தும் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்ந்தன என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மின்னோட்டம் மெல்லச் சரிந்து, உறிஞ்சுவாய் அழுத்தமும் அதனுடன் இறங்கி, பம்பு டிரிப் ஆகி, சில மணி நேரம் கழித்து ஓடி, மறுபடி அதே போலச் சரிந்தால், கிணறு கொடுப்பதைவிடப் பம்பு அதிகம் இழுக்கிறது. மின்னோட்டக் கோடு பற்கள் போலத் துடித்தால் வாயு கலந்து வருகிறது. துடித்துக்கொண்டே சட்டென்று விழுந்தால் வாயு முழுவதுமாக அடைத்துவிட்டது. வெளியேற்ற அழுத்தமும் மின்னோட்டமும் பல வாரங்களாகச் சிறிது சிறிதாக ஏறினால் நீரின் விகிதம் கூடிக் குழாயிலுள்ள திரவம் கனத்திருக்கலாம், அல்லது எண்ணெயும் நீரும் கலந்து குழம்பாகியிருக்கலாம். வெளியேற்ற அழுத்தமும் உறிஞ்சுவாய் அழுத்தமும் சேர்ந்து ஏறி, மேலே வரும் அளவு குறைந்தால், மேலே ஒரு வால்வோ குழாயோ அடைபட்டிருக்கிறது. இதற்காக ரிக் அழைத்து, வால்வைப் பிறகு கண்டுபிடித்தவர்களும் உண்டு.

குழப்பம் தருவது இன்னொரு வகைச் சேர்க்கை. உறிஞ்சுவாய் அழுத்தம் ஏறி, வெளியேற்ற அழுத்தம் இறங்கி, மேலே வரும் அளவும் குறைந்தால் பம்பு தன் வேலையைச் செய்யவில்லை என்பது மட்டும் உறுதி. அது ஷாஃப்ட் முறிந்ததாலா, உறிஞ்சுவாய் அடைத்ததாலா, டியூபிங் குழாயில் ஓட்டை விழுந்ததாலா, மோட்டார் எதிர்த்திசையில் சுழல்வதாலா? இங்கேதான் வேகமும் மின்னோட்டமும் உதவுகின்றன. ஷாஃப்ட் முறிந்தால் எல்லாம் ஒரு நொடியில் நடக்கும்; மின்னோட்டம் சுமையில்லாத அளவுக்கு விழுந்துவிடும். உறிஞ்சுவாய் உப்புப் படிவால் அடைபட்டால் அதே மாற்றம் பல வாரங்கள் எடுத்து நடக்கும். மோட்டாரைத் தொட்டுச் செல்லும் திரவம் குறைவதால் மோட்டார் வெப்பமும் மேலே ஏறும். டியூபிங்கில் ஓட்டை என்றால் திரவம் மேலே வராமல் சுற்றிச் சுற்றி மறுபடி பம்புக்கே வருவதால் பம்பின் சுமை குறையாது; மின்னோட்டம் அப்படியே இருக்கும் அல்லது சற்றுக் கூடும். மேலே மின் இணைப்பைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கிய பிரச்சினை என்றால் சுழலும் திசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பேஸ் வயர்களை மாற்றிப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஐயம் தீராவிட்டால், பம்பு ஓடும்போதே கிணற்றுத் தலையிலுள்ள வால்வைச் சிறிது நேரம் மட்டும் மூடி அழுத்தம் ஏறுவதைப் பார்க்கலாம். வளைகோட்டில் ஓட்டமே இல்லாத நிலைக்குச் சொல்லப்பட்ட உயரத்திலிருந்து என்ன அழுத்தம் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, மேலுள்ள குழாய்களும் வால்வுகளும் அதைத் தாங்குமா என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு ஏறினால் பம்பு நலம். பாதியில் நின்றால் ஓட்டையோ, தேய்மானமோ, அடுக்கின் நடுவே முறிந்த ஷாஃப்டோ இருக்கிறது. ஏறவே இல்லை என்றால் முழு முறிவு.

மேலிருந்தபடியே செய்யும் மின்சோதனை

பம்பு நின்றவுடன் குழாயிலுள்ள திரவம் கீழே இறங்கும்போது பம்பை எதிர்த்திசையில் சுழற்றும். அப்போது மோட்டார் ஜெனரேட்டர் போல வேலை செய்யலாம். நிரந்தரக் காந்த மோட்டாராக இருந்தால் கேபிள் முனையில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் வரும். சுழற்சி நின்றுவிட்டது என்று அளந்து உறுதி செய்யும்வரை கேபிளைத் தொடவும் கூடாது, பம்பை மறுபடி ஓட்டவும் கூடாது. எதிர்த்திசையில் சுழலும்போது ஓட்டினால் ஷாஃப்ட் முறியும்.

பிறகு ஜங்ஷன் பெட்டியில் கேபிளைப் பிரித்து, மெக்கர் எனும் அளவி வைத்து மின்காப்பை அளக்க வேண்டும். சென்சார் உள்ள கிணறுகளில் மெக்கரின் முனைகளை எந்தத் துருவத்தில் இணைக்க வேண்டும், எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பேடு சொல்லும். அதை மீறினால் சோதனையே சென்சாரைக் கொன்றுவிடும். மோட்டாரின் மூன்று காயில்களும் கீழே ஒரு புள்ளியில் இணைந்திருப்பதால், எங்கே ஒரு பேஸ் தரையை (எர்த்தை) தொட்டாலும் மூன்றும் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து ‘மூன்று பேஸும் போய்விட்டது’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. பேஸுக்கும் பேஸுக்கும் இடையே உள்ள மின்தடை மூன்றிலும் சமமாக இருந்து, தரைக்கு மட்டும் பூஜ்யம் என்றால் கேபிளிலோ மோட்டாரிலோ ஓரிடத்தில் மின்காப்பு உடைந்திருக்கிறது. பேஸுக்கிடையே சமமில்லை என்றால் ஏதோ ஒரு கம்பி அறுந்தோ உருகியோ போயிருக்கிறது.

சென்சார் தன் சமிக்ஞையை அந்த இணைப்புப் புள்ளி வழியாக மின்கேபிளிலேயே அனுப்புகிறது. இந்தப் பம்புகளின் மின்சுற்று பொதுவாகத் தரையோடு இணைக்கப்படாதது என்பதால், ஒரு பேஸ் தரையைத் தொட்டாலும் மோட்டார் நிற்காமல் ஓடும். சென்சார் மட்டும் ஊமையாகிவிடும். ஆகவே, ‘சென்சார் பழுது’ என்று ஒதுக்கிவைத்த அந்தத் தேதி உண்மையில் மின்காப்பு உடைந்த தேதியாக இருக்கலாம். காலவரிசையை அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும்.

பம்பு ஓடுகிறது, ஆனால் மூன்று பேஸ் மின்னோட்டமும் சமமில்லை என்றால் மூன்று வயர்களையும் ஒரு இடம் தள்ளி மாட்டிப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே சுற்றில் நகர்த்தினால் சுழலும் திசை மாறாது. அதிக மின்னோட்டம் மின்வழங்கியின் முனையோடு இருந்தால் கோளாறு மேலே. கேபிள் வயரோடு நகர்ந்தால் கோளாறு கீழே.

மேலே எடுக்கும் நாளில்

பம்பை எடுக்கும்போது ஆராய்பவர் ரிக்கில் இருக்க வேண்டும். பட்டறைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பாதிச் சான்று வழியிலேயே போய்விடும். எத்தனையாவது குழாயில் ஓட்டை, எங்கே கேபிள் நசுங்கியிருக்கிறது, கேபிளைக் குழாயோடு கட்டும் பட்டைகளில் எத்தனை காணவில்லை, குழாய் திரவத்தோடு வந்ததா காலியாக வந்ததா என்பவற்றை ஆழத்தோடு குறிக்க வேண்டும். படிவு எதைக் கண்டாலும் அப்போதே சுரண்டிப் புட்டியில் போட்டு மூட வேண்டும். மோட்டாருக்குப் போகும் தட்டைக் கேபிளின் இணைப்பில் வெட்டி, மேல் கேபிளைத் தனியாகவும் மோட்டாரைத் தனியாகவும் மெக்கரால் அளந்தால், பழுது எந்தப் பக்கம் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

கேபிளின் ரப்பர் கொப்புளம் கொப்புளமாக வெடித்திருப்பதைக் கண்டு அதையே காரணமாக எழுதிவிடக் கூடாது. கிணற்று அழுத்தத்தில் ரப்பருக்குள் ஊறிய வாயு, வேகமாக மேலே எடுக்கும்போது விரிந்து அப்படி வெடிக்கும். அது பழுதுக்குப் பின் நடந்தது. மாறாக, கேபிளின் செம்புக் கம்பி கறுத்து உதிர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கியிருக்கிறது. அத்தகைய கிணறுகளில் ஈய உறை போட்ட கேபிள் போடுவது இதற்காகத்தான்.

யாரையும் பம்பைக் கழுவ விடக் கூடாது. இதைச் சொல்லியும் கழுவிவிடுவார்கள். எனவே எழுதியும் ஒட்ட வேண்டும்.

பட்டறையில் பிரிக்கும்போது

ஒவ்வொரு பகுதியையும் பிரிப்பதற்கு முன் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும்: லேசாகச் சுழல்கிறதா, இறுகியிருக்கிறதா, ஒரு முனையைத் திருப்பினால் மறுமுனை திரும்பாமல் நிற்கிறதா. பம்புக்குள் இம்பெல்லர்களின் வாஷர்களே பேசும். கீழ்ப்பக்க வாஷர் தேய்ந்து மறைந்திருந்தால், பம்பு தன் வரம்புக்குக் குறைவான ஓட்டத்தில் நீண்ட நாள் இயங்கியிருக்கிறது. மேல்பக்க வாஷர் தேய்ந்திருந்தால் வரம்புக்கு மேற்பட்ட ஓட்டத்தில் இயங்கியிருக்கிறது. பேரிங் துளை ஒரு பக்கமாக நீள்வட்டமாகி, டிஃப்யூசர் சுவரில் வாய்க்கால் போல அரிப்பு இருந்தால் மணல். முறிந்த ஷாஃப்டின் முகத்தில் சாய்வாக முறுக்கிய தோற்றம் இருந்தால் ஒரேயடியான மிகைச்சுமை. கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்றது போல வளைந்த கோடுகள் இருந்தால் நாள்பட்ட களைப்பு முறிவு.

படிவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. சிறு சோதனை போதும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்குவது கால்சியம் கார்பனேட். எதுவுமே ஆகாமல் கிடப்பது பேரியம் சல்ஃபேட்டாகவோ வெறும் மணலாகவோ இருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால் இரும்பு சல்ஃபைடு. அந்த நாற்றம் தரும் வாயு கொல்லக்கூடியது. இந்தச் சோதனையைக் காற்றோட்டமான இடத்தில், மிகச் சிறிய அளவில், வாயு அளவியோடுதான் செய்ய வேண்டும். கறுப்பான பிசின் சூட்டில் உருகினால் மெழுகு. உருகாமல் டொலுயினில் கரைந்தால் ஆஸ்ஃபால்டீன், அதாவது கச்சா எண்ணெயிலுள்ள தார் போன்ற கனமான பகுதி.

சீல் பகுதியின் ஒவ்வொரு அறையிலிருந்தும், மோட்டாரின் மேலிருந்தும் அடியிலிருந்தும் எண்ணெயைத் தனித்தனிப் புட்டிகளில் வடிக்க வேண்டும். மேல் அறையில் கிணற்று நீர் இருப்பது இயல்பே. எந்த அறை வரை நீர் இறங்கியிருக்கிறது, அதைத் தடுத்திருக்க வேண்டிய ஷாஃப்ட் சீலின் முகம் தேய்ந்ததா, ரப்பர் பை கிழிந்ததா என்பதே கேள்வி. பலமுறை நின்று ஓடிய பம்பில், ஒவ்வொரு முறையும் எண்ணெய் சுருங்கி விரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீர் உள்ளே ஏறும்.

மோட்டாரில் எரிந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தேங்கும். எனவே காயிலின் கீழ்முனையில் மட்டும் எரிந்திருந்தால் நீரைச் சந்தேகிக்கலாம். காயில் முழுவதும் ஒரே சீராகப் பழுப்பேறி நொறுங்கினால் நீண்ட நாள் வெப்பம்: மோட்டாரைக் கடக்கும் திரவம் குறைந்ததா, உறையில் உப்புப் படிவு போர்த்தியதா, சுமை கூடியதா என்று பார்க்க வேண்டும். மோட்டாரைக் கடக்கும் திரவம் நொடிக்குக் குறைந்தது ஓர் அடி, அதாவது சுமார் 0.3 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும் என்பது பொதுவான விதி. மற்றபடி எல்லாம் புதிதாக இருந்து ஓரிடத்தில் மட்டும் துளை போல எரிந்திருந்தால் மின்னழுத்த எழுச்சியையோ, உற்பத்திக் குறையையோ தேடலாம்.

ஒரு சங்கிலியைக் கோர்த்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு, நீர் அதிகம் வரும் ஒரு கிணற்றில் பம்பு ஏழு மாதம் ஓடி, தரை மின்கசிவால் நின்றதாகக் கொள்வோம். மோட்டாரின் கீழ்முனையில் எரிந்திருக்கிறது. அடியிலிருந்து வடித்த புட்டியில் இரண்டு விரல் உயரம் உப்பு நீர். சீல் பகுதியின் ரப்பர் பை கிழியவில்லை. ஷாஃப்ட் சீலின் முகங்கள் மட்டும் தேய்ந்து வரிவரியாக இருக்கின்றன. பம்பில் கீழ்ப்பக்க வாஷர்கள் இல்லவே இல்லை. உறிஞ்சுவாயின் துளைகளில் வெள்ளைப் படிவு. அமிலம் பட்டதும் பொங்குகிறது.

நீர் புகுந்து மோட்டார் எரிந்தது என்று இங்கே நிறுத்திவிட்டால், அடுத்த முறை கூடுதல் சீல் அறை உள்ள பம்பை இறக்குவார்கள். இன்னும் சில வாரம் கூடுதலாக ஓடும். வரைபடத்தைப் பார்த்தால், கடைசி ஆறு வாரங்களில் அதிர்வெண் மாறாத நிலையிலேயே உறிஞ்சுவாய் அழுத்தம் ஏறியும், மின்னோட்டம் இறங்கியும், மோட்டார் வெப்பம் கூடியும் இருக்கிறது. அதிர்வு உயரத் தொடங்கியது அதன் நடுவே. மின்கசிவு கடைசி இரண்டு நாட்களில்தான். ஆக, படிவு உறிஞ்சுவாயை அடைத்தது, ஓட்டம் வரம்புக்குக் கீழே போனது, வாஷர்கள் தேய்ந்து ஷாஃப்ட் ஆடியது, ஆட்டத்தில் சீல் முகங்கள் திறந்தன, நீர் இறங்கியது, காயில் எரிந்தது. மணல் அரிப்பு இல்லை என்பதும் பை கிழியவில்லை என்பதும் மற்ற இரு ஐயங்களையும் நீக்குகின்றன. செய்ய வேண்டியது, மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சுவாய்க்குக் கீழே படிவுத் தடுப்பு மருந்தைச் செலுத்துவதும், ஓட்டம் வரம்புக்குக் கீழே போனால் எச்சரிக்கும்படி டிரைவில் அமைப்பதும்தான்.

அறிக்கையை எழுதும்போது நான்கு பதில்களைத் தனித்தனியே எழுதுவது பழக்கமாக வேண்டும்: எதற்காகப் பம்பை வெளியே எடுத்தோம், எந்தப் பாகம் முதலில் கெட்டது, அது எந்த நிலையில் காணப்பட்டது, அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது. மேற்சொன்ன கிணற்றில் இவை முறையே மின்கசிவு, உறிஞ்சுவாய், அடைப்பு, கார்பனேட் படிவு என்று வரும். மோட்டார் என்ற சொல் அதன் விளைவுகளின் பட்டியலில்தான் இடம்பெறும். பிரித்துப் பார்க்கும் பணிக்கு அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் 11எஸ்1 என்ற பரிந்துரை ஒரு படிவ வடிவத்தைத் தருகிறது. அதைப் பின்பற்றினால் வெவ்வேறு பட்டறைகளின் அறிக்கைகளை ஒப்பிட முடியும்.

மாற்றுப் பம்பு இறங்கி ஓடத் தொடங்கிய அன்றே, மெக்கர் அளவு, பேஸுக்கிடையேயான மின்தடை, மூன்று பேஸ் மின்னோட்டம், சென்சார் அளவுகள் ஆகியவற்றைத் தேதியிட்டுக் கிணற்றின் கோப்பில் முதல் பக்கமாக வைக்க வேண்டும். சூடான கிணற்றில் மெக்கர் காட்டும் எண் தனியாக எதையும் சொல்லாது. முதல் நாள் எண்ணோடு ஒப்பிட்டால்தான் அது சரிந்ததா, சரியவில்லையா என்று தெரியும்.